கணனி இயங்குகிறது, திரையில் ஒன்றும் இல்லை: பணம் கொடுக்க முன் பார்க்க வேண்டியவை

கிராண்ட்பாஸில் வீட்டிலிருந்தே பிள்ளைகளின் உடுப்புகளைத் தைத்து, புறக்கோட்டைக் கடைகளுக்குக் கொடுத்துவரும் நானா ஒருவரை எனக்குத் தெரியும். எந்தக் கடைக்கு எத்தனை டசின் போனது, யார் எவ்வளவு பாக்கி என்ற கணக்கெல்லாம் அவருடைய வீட்டுக் கணனியில்தான் இருக்கின்றது. நோன்புப் பெருநாளுக்குப் பத்து நாட்கள் இருக்கையில் ஒருநாள் காலை கணனியைப் போட்டார். விளக்கு எரிந்தது, உள்ளே விசிறி சுற்றியது, திரையில் மட்டும் ஒன்றுமே வரவில்லை.

தூக்கிக்கொண்டு ஒரு திருத்தும் கடைக்குப் போனார். சரியாகத் திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போட் போய்விட்டது, புதிதாக ஒன்று எடுப்பதுதான் நல்லது" என்றார்கள். பாக்கியை வசூலிக்க வேண்டிய நேரத்தில் கணக்கும் போய், புதிய கணனிக்குக் கைப்பணமும் போகப்போகின்றது என்று மனிதர் கலங்கிவிட்டார். கடைசியில் உறவுக்காரப் பையன் ஒருவன் ரேம் துண்டைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்தியதும் கணனி வேலை செய்தது. செலவு ஓர் அழிறப்பர் மட்டுமே.

திருத்துபவர்கள் எல்லோரும் ஏமாற்றுபவர்கள் என்பதல்ல இதன் கருத்து. திரை இருண்டால் கணனியே செத்துவிட்டது என்று நாமே முதலில் முடிவு கட்டிவிடுகின்றோம். அந்தப் பயம்தான் நம் பணத்தைத் தின்கின்றது.

உள்ளே நடப்பது என்ன?

கணனியின் சுவிட்சை அழுத்தியவுடன் விண்டோஸ் வருவதில்லை. அதற்கு முன், மதர்போட்டில் பதிந்துள்ள ஒரு சிறு மென்பொருள் புரொசசர், ரேம், படம் காட்டும் பகுதி ஆகியவை ஒழுங்காக உள்ளனவா என்று சோதிக்கின்றது. இதில் ஒன்று தவறினாலும் படம் வருமுன்னரே கணனி நின்றுவிடும். விசிறி சுற்ற மின்சாரம் மட்டும் போதும் என்பதால் அது சுற்றிக்கொண்டே இருக்கும்.

இதில் வியாபாரிகளுக்கு ஆறுதலான விடயம் ஒன்றுண்டு. கணனி இந்தக் கட்டத்தில் நின்றிருந்தால் உங்கள் கணக்குகள் இருக்கும் ஹாட் டிஸ்க்கிலிருந்து எதையும் வாசிக்கவே தொடங்கியிருக்காது. எனவே திரை இருண்டதனால் மட்டும் கணக்கு அழிந்துவிட்டது என்று எண்ண வேண்டியதில்லை.

முதலில் வெளியே பாருங்கள்

மொனிட்டரின் விளக்கு எரிகின்றதா? அதில் 'நோ சிக்னல்' என்று எழுத்து வந்தால் மொனிட்டர் உயிரோடு இருக்கின்றது, அதற்குப் படம் வந்து சேரவில்லை என்பது பொருள். கேபிளின் இரு முனைகளையும் கழற்றி இறுக்கமாகப் பொருத்துங்கள். மொனிட்டரில் வி.ஜி.ஏ, எச்.டி.எம்.ஐ என இரண்டு வழிகள் இருந்தால், நீங்கள் கேபிள் கொடுத்திருக்கும் வழி தெரிவுசெய்யப்பட்டுள்ளதா என்று பாருங்கள். வீட்டைக் கூட்டித் துடைத்த மறுநாள் வரும் 'பழுது' பல இதுதான்.

கணனியில் தனியான கிரபிக்ஸ் கார்ட் இருந்தால் கேபிளை அதில்தான் கொடுக்க வேண்டும். சில புரொசசர்களில் படம் காட்டும் பகுதியே கிடையாது. உதாரணமாக, பெயரின் முடிவில் 'எஃப்' எழுத்துள்ள இன்டெல் புரொசசர்கள் அப்படிப்பட்டவை. அவற்றில் மதர்போட்டின் எச்.டி.எம்.ஐ வழியில் எவ்வளவு நேரம் வைத்திருந்தாலும் படம் வராது.

அடுத்து, விசைப்பலகையில் 'கெப்ஸ் லொக்' விசையை அழுத்துங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணனி வேலை செய்கின்றது, கோளாறு படம் வரும் பாதையில் என்று பெரும்பாலும் எண்ணலாம். அயல்வீட்டு மொனிட்டர் ஒன்றைச் சில நிமிடம் மாட்டிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

பிறகு உள்ளே

வொரண்டி ஸ்டிக்கர் ஒட்டிய கணனியைத் திறக்க வேண்டாம், வாங்கிய இடத்துக்கே கொண்டுபோங்கள். மற்றவற்றில், சுவரிலிருந்து பிளக்கை முற்றாகக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். எஞ்சிய மின்சாரம் வடிந்துவிடும். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு ரேம் துண்டைக் கழற்றுங்கள். அதன் பொன்னிறக் கால்களை வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் துடைத்து, 'டிக்' என்ற சத்தம் கேட்கும்வரை மீண்டும் அழுத்துங்கள். இரண்டு துண்டுகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். கொழும்பின் ஈரக்காற்றும் தூசும் சேர்ந்து இந்தக் கால்களில் படிவது சாதாரணம்.

கணனி 'பீப்' என்று ஒலித்தால் எத்தனை தடவை, நீளமா குறுக்கமா என்று எழுதிக்கொள்ளுங்கள். அது கணனி தன் நோயைத் தானே சொல்லும் முறை. ஒலியின் பொருள் கொம்பனிக்குக் கொம்பனி மாறும் என்பதால் மதர்போட்டின் பெயரையும் குறித்துக்கொள்வது நல்லது. டி.டி.ஆர்5 ரேம் உள்ள புதிய கணனிகள், ரேம் மாற்றிய பின் முதல் தடவை சில நிமிடங்கள் இருட்டாகவே இருக்கக்கூடும். அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள்.

கணனியில் திகதியும் நேரமும் அடிக்கடி பிழைத்து வந்திருந்தால், மதர்போட்டிலுள்ள நாணயம் போன்ற பற்றரி வலுவிழந்திருக்கலாம். சி.ஆர்.2032 எனப்படும் 3 வோல்ற் பற்றரி அது. அதைக் கழற்றிச் சில நிமிடங்களின் பின் புதியதைப் போட்டால், குழம்பிப்போன ஆரம்ப அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பி, சிலவேளை படமும் வந்துவிடும்.

மின்சாரம் செய்யும் வேலை

2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது நினைவிருக்கும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கினால் நாடே இருளில் மூழ்கியது. மின்சாரம் போவதைவிட அது திரும்பி வரும்போது ஏற்படும் ஏற்ற இறக்கமே கணனிக்கு ஆபத்து. மின்சாரம் நின்றால் பிளக்கைக் கழற்றி, வந்து சில நிமிடங்கள் சென்றபின் போடுவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அடிபட்ட பவர் சப்ளை விசிறியைச் சுற்ற வைக்கும், ஆனால் புரொசசருக்கு வேண்டிய மின்சாரத்தைக் கொடுக்காது. அதன் பெட்டியை மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

மதர்போட்டில் சிறு பீப்பாய் போல நிற்கும் கெப்பசிற்றர்களின் தலை உப்பியிருக்கின்றதா, பிசின் போலக் கசிந்திருக்கின்றதா என்றும் பாருங்கள். உலகப் பெரும் கொம்பனிகளும் இதற்குத் தப்பவில்லை. 2003 முதல் 2005 வரை விற்ற ஒப்டிபிளெக்ஸ் வகைக் கணனிகளில் இவ்வாறு கெப்பசிற்றர்கள் கெட்டதனால், டெல் நிறுவனம் 2005 இல் 30 கோடி டொலரைத் திருத்தச் செலவாக ஒதுக்க நேர்ந்தது. பழைய கணனி வாங்குபவர்கள் வெளிப்பெட்டியின் பளபளப்பைப் பார்க்காமல் இதைப் பார்ப்பதே புத்திசாலித்தனம். மதர்போட் முழுவதும் போகாமல், கெப்பசிற்றரை மட்டும் மாற்றித் தப்பிக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு.

கடைக்குப் போகும்போது

இவ்வளவும் பார்த்தும் படம் வராவிட்டால், பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கோ தெரிந்த திருத்துநரிடமோ போகலாம். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள். என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். "எந்தப் பாகம் பழுது, எப்படிக் கண்டீர்கள், வேறொரு பாகத்தைப் போட்டுக் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். கூலி எவ்வளவு, பாகத்துக்கு எவ்வளவு, வொரண்டி எத்தனை மாதம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் பெறுங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

முடிந்தால் ஹாட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொண்டுபோங்கள். இருட்டுத் திரையைச் சோதிக்க அது தேவையில்லை. வியாபாரக் கணக்கும் குடும்பப் படங்களும் அந்நியர் கையில் போக வேண்டியதுமில்லை. அந்த டிஸ்க்கை வேறொரு கணனியில் இணைத்துக் கணக்கைப் பிரதி எடுக்கலாம். ஆனால் விண்டோஸ் 11 கணனிகள் பலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் மீட்புச் சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொப்ற் கணக்கில் இருக்கும். கணனி நன்றாக இருக்கும்போதே அதை எழுதி வையுங்கள்.

பற்றுச்சீட்டு வாங்க வெட்கப்பட வேண்டாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கேட்டால் கொடுப்பது வியாபாரியின் கடமை. பொருள் வாங்கி அல்லது சேவை பெற்று மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் அச்சபைக்கு முறையிடலாம். சீட்டு இல்லாதவரின் முறைப்பாடு பலவீனமானது.

அந்த நானா இப்போது வெள்ளிக்கிழமை தோறும் தன் பாக்கிக் கணக்கை ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்து அலுமாரியில் வைக்கின்றார். அடுத்த பெருநாளுக்குத் திரை இருண்டாலும் கடன்காரர்களின் பெயர்கள் அவரிடம் இருக்கும். உங்களிடமும் இருக்கட்டும்.