கட்டைவிரலால நடந்தா ஏன் தலை சுத்துது?

வி.ஆர். ஹெட்செட் போட்டதும் கண்ணு முன்னாடி ஒரு உலகம் வந்துடுது, சரி. அதுக்குள்ள நடக்கிறது எப்படி? கையில இருக்கிற கன்ட்ரோலராலதான்.

எங்க நடக்கலாம்? தஞ்சாவூர் பெரிய கோயில். கருவறையைச் சுத்தி, ரெண்டு சுவருக்கு நடுவுல ஒரு குறுகலான பாதை இருக்கு. அதுல சோழர் காலத்து ஓவியங்கள். நாயக்கர் காலத்துல அது மேலயே வேற ஓவியம் வரைஞ்சு மூடிட்டாங்க. அடியில இருக்கிறது 1931-லதான் தெரிய வந்துச்சு. பொதுமக்களை உள்ள விடறதில்ல. அதை வி.ஆர்.-ல கட்டினா, எப்படிச் சுத்தி வருவோம்?

முதல்ல நம்ம கை எங்க இருக்குனு மெஷினுக்குத் தெரியணும். கன்ட்ரோலருக்குள்ள இருக்கிற சென்சாருங்க கை திரும்புறதையும் வேகம் மாறுறதையும் சொல்லும். ஆனா அதை மட்டும் நம்பினா சின்னச் சின்னப் பிழை சேர்ந்து, சில நொடியிலேயே கை சுவருக்கு அந்தப் பக்கம் போயிடும். அதனால குவெஸ்ட் மாதிரி சாதனங்கள்ல கன்ட்ரோலர்ல அகச்சிவப்பு விளக்குகளையும் வைக்கிறாங்க. நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஹெட்செட் கேமரா அதைப் பார்த்துத் திருத்திக்கும்.

அடுத்து, கட்டைவிரலுக்குக் கீழ இருக்கிற குச்சி. தலையாட்டி பொம்மையை எந்தப் பக்கம் சாய்ச்சாலும் நடுவுக்கு வந்துடும்ல? அதேதான். பொம்மைக்கு அடியில கனம், இங்க ஸ்பிரிங். எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ச்சோம்ங்கிறது ரெண்டு எண்ணா மாறும். அதுதான் திசையும் வேகமும். (தேய்ஞ்சுபோன குச்சி, கையை எடுத்தாலும் தானா நகர்த்தும். கேமர்ஸ் திட்டுற ‘டிரிஃப்ட்’ அதுதான்.)

சிக்கல் இங்கதான். பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் சீட்ல இருக்கோம், பக்கத்து பஸ் கிளம்புது. நம்ம பஸ்தான் பின்னாடி போகுதுனு ஒரு நொடி தோணும்ல? குச்சியால நடக்கிறது முழுக்க அந்த ஒரு நொடிதான். கண்ணு ‘போறோம்’னு சொல்லுது, காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு ‘இல்லையே’ங்குது. குமட்டுது. குறுகலான பாதைல இன்னும் மோசம், ரெண்டு சுவரும் கண்ணு ஓரத்துல ஓடும்.

மாற்று, டெலிபோர்ட். கன்ட்ரோலரை நீட்டினா கல்லை எறிஞ்ச மாதிரி ஒரு வளைகோடு போகும். அது விழுற இடத்துக்கு நேரா போய் நின்னுடலாம். நடுவுல நகர்றதைக் கண்ணு பார்க்காததால தலை சுத்தாது. ஆனா ஒவ்வொரு பக்கத்தையும் ரெண்டே தாவல்ல முடிச்சுடலாம். ஒரு ஓவியத்துலேர்ந்து அடுத்ததுக்கு எத்தனை அடினு உடம்புக்குத் தெரியாது. பின்னாடி தள்ளிப்போக இடமில்லாம, சுவரை ஒட்டி நின்னு அண்ணாந்து பார்க்கணும். அந்த இடமே அதுதான். எனக்கு இது பெரிய இழப்பாத் தெரியுது.

நான் செஞ்சா குச்சிதான் வைப்பேன். வேகம் மெதுவா, ஒரே சீரா. நகரும்போது மட்டும் பார்வையோட ஓரத்தை இருட்டாக்கிடுவேன், சுவர் ஓடுறது தெரியாது. மூலைல திரும்பறது வழுக்கிட்டுப் போகாம 45 டிகிரி வெட்டு. ஓவியத்துக்கிட்ட வந்ததும் குச்சி வேலை செய்யாது. நிஜமாவே எழுந்து ஒரு அடி எடுத்து வெச்சுதான் பார்க்கணும்.