ஒரு கல்லுக்கு இருவர்

நுழையும்முன்

குறைந்த செலவில் நிறைந்த பயன் பெறுவது செயல்திறன். எதிர்பார்த்த பயனை ஒவ்வொரு முறையும் தவறாது பெறுவது நம்பகத்தன்மை. இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் சில வேளைகளில் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. பொருளியல், கணினியியல், நலவியல் ஆகிய மூன்று துறைகளிலும் இதுகுறித்த ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. அம்மூன்றுக்கும் சான்று தரும் ஊர் ஒன்று தமிழகத்தில் உண்டு. முத்தும் உப்பும் துறைமுகமும் ஒருங்கே அமைந்த தூத்துக்குடியே அது.

தோணியில் ஒரு கணக்கு

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிக்கச் சென்ற தோணிகளில் பொதுவாக ஐந்து மூழ்குகற்களும் முத்துக்குளிப்போர் பதின்மரும் இருந்தனர். கயிற்றில் கட்டிய கல்லின் மீது கால் வைத்து ஒருவர் கடலடிக்கு இறங்குவார். ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பிகளைத் திரட்டிக் கூடையில் இடுவார். மேலே கயிறு பிடித்திருப்பவர் அவரது குறிப்பறிந்து இழுத்துக்கொள்வார். சில முறை மூழ்கியபின் அவர் ஓய்வெடுக்க, அதே கல்லில் மற்றவர் இறங்குவார்.

எந்நேரத்திலும் ஐவர் வாளா இருப்பதைக் கண்ட ஒருவர், 'ஐவர் செய்யும் பணிக்குப் பத்துக் கூலியா?' என்று கேட்கக்கூடும். ஐவரை நீக்கினால் அன்றைய செலவு குறையும் என்பது மெய்யே. ஆனால், ஓய்வின்றி மூழ்குபவரின் மூச்சு தளரும், கை சோரும், நண்பகலுக்குள் கல் தோணியிலேயே கிடக்கும். ஓய்விலிருந்த ஐவர் வீணாகச் சேர்க்கப்பட்டவர் அல்லர். கல் ஓயாமல் இயங்கியதும், இறங்கியவர் உயிருடன் மீண்டதும் அவர்களால்தான். மிகைபோலத் தோன்றிய ஒன்றே அத்தொழிலின் நம்பகத்தன்மையைக் காத்தது.

மாதிரி சொல்லும் மதிப்பு

முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத் திட்டுகளைப் 'பார்' என்று இக்கடற்கரை மக்கள் வழங்குவர். ஒரு பாரில் முத்துக்குளிப்பு நடத்தலாமா என்பதை முடிவுசெய்வது எளிதன்று. சிப்பிகள் இளமையாக இருந்தால் முத்துகள் சிறுத்திருக்கும்; காலம் தாழ்த்தினால் முதிர்ந்த சிப்பிகள் மடிந்துபோகும். எனவே, ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தில் முத்துக்குளிப்பை அறிவிப்பதற்கு முன்பே அலுவலர்கள் பார்களை ஆய்வு செய்தனர். மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை வணிகர்களைக்கொண்டு மதிப்பிட்டனர். ஆயிரம் சிப்பிக்கு இன்ன தொகை என்று கணக்கிட்ட பிறகே முத்துக்குளிப்புக்கு நாள் குறித்தனர்.

பல இலட்சம் சிப்பிகளின் மதிப்பைச் சில ஆயிரம் சிப்பிகளால் அறிவது சிக்கனமான முறையாகும். ஆயினும், அதில் ஓர் இடர் உண்டு. எல்லாச் சிப்பியிலும் முத்து இருப்பதில்லை. இருப்பவையும் ஒரே அளவின அல்ல. மாதிரி மிகச் சிறியதாயின், தற்செயலாக அகப்பட்ட ஒரு பெருமுத்து பாரின் மதிப்பையே உயர்த்திக் காட்டிவிடும். ஒரே மூலையில் எடுத்த மாதிரி பார் முழுமைக்கும் சான்றாகாது. தவறான மதிப்பீட்டை நம்பித் தோணிகளும் வணிகர்களும் திரண்டுவிட்டால் இழப்பு அனைவருக்கும் நேரும்.

இச்சிக்கலை இருபதாம் நூற்றாண்டில் அறிவியல் முறையில் அணுகியவர் இந்தியப் புள்ளியியல் அறிஞர் பி. சி. மகலனோபிஸ். 1931இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்த அவர், வங்காளத்தில் சணல் பயிரின் பரப்பை மாதிரி ஆய்வுகளால் மதிப்பிட்டார். அப்போது ஒரே பகுதியில் இரு துணை மாதிரிகளை எடுத்து, அவற்றைத் தனித்தனிக் குழுவினரிடம் ஒப்படைக்கும் முறையைக் கையாண்டார். இரு குழுக்களின் முடிவுகளும் நெருங்கியிருந்தால் மதிப்பீட்டை நம்பலாம். விலகியிருந்தால் எங்கோ பிழை உள்ளது என உணரலாம். ஒரே வேலையை இருமுறை செய்வதுபோலத் தோன்றும் இம்முறை, ஆய்வு தன் பிழையைத் தானே காட்டிக்கொள்ள வழிவகுத்தது.

கையிருப்பு இல்லாத கடல்

அளவீடு சரியாக இருந்தும் கடல் ஏமாற்றியதுண்டு. மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பகுதியில் 1905ஆம் ஆண்டு நடைபெற்ற முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அதில் தமிழகக் கடற்கரையிலிருந்து சென்றவர்களும் மூழ்கினர். இவ்வளத்தை நம்பி, அடுத்த ஆண்டே ஒரு நிறுவனம் அப்பார்களை இருபது ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தது. விரைவிலேயே விளைந்த சிப்பிகள் அருகின. குத்தகைக் காலம் பாதியை எட்டும் முன்பே அந்நிறுவனம் கலைக்கப்பட்டது.

இதற்குக் காரணம் ஒன்றன்று. நீரோட்டம், மணல் மூடுதல், சிப்பிகளைத் தின்னும் திருக்கை மீன்கள் ஆகியன பார்களை அழிக்கவல்லவை. 1902இல் அப்பார்களை ஆராய்ந்த விலங்கியலாளர் ஹெர்ட்மன், இளஞ்சிப்பிகளைப் பாதுகாப்பான பார்களுக்கு மாற்றி வளர்க்கவேண்டும் என்று பரிந்துரைத்திருந்தார். ஓராண்டின் பெருவிளைச்சலை ஆண்டுதோறும் கிடைக்கும் வருவாயாகக் கருதுவது கணக்கில் நேரும் பெரும்பிழையாகும். சராசரி உயர்ந்திருப்பது வேறு. ஏற்ற இறக்கம் குறைந்திருப்பது வேறு. பொருளியலில் கையிருப்பு, காப்பீடு, பலவகைத் தொழில் ஆகியவற்றுக்கு இடமளிப்பது இதனாலேயே.

தூத்துக்குடியிலும் 1955 முதல் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்புகளே இறுதியானவை. அதன்பின் இங்குள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில், கே. அழகர்சுவாமி தலைமையில் 1973இல் வளர்ப்பு முத்து உருவாக்கப்பட்டது. பின்னர்ச் சிப்பிக் குஞ்சுகளைப் பொரிப்பகத்திலேயே உருவாக்கும் முறையும் கண்டறியப்பட்டது. கடலின் போக்கை மட்டுமே நம்பியிராத ஒரு வழியைத் தேடிய முயற்சி இது.

பதினோராம் குறி

முத்துத் தோணிகள் மறைந்த கடற்கரையில் இன்று சரக்குப் பெட்டகங்கள் வந்திறங்குகின்றன. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடித் துறைமுகம் இப்போது வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கியுள்ளது. அங்கு அடுக்கப்பட்டுள்ள ஒவ்வொரு பெட்டகத்தின் மீதும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஏழு இலக்கங்களும் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பெட்டகத்தை அடையாளப்படுத்த முதல் பத்துக் குறிகளே போதும். பதினோராவது எதற்கு?

அது சரிபார்ப்பு இலக்கமாகும். பன்னாட்டுத் தர விதியின்படி ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு. முதற்குறியின் மதிப்பை 1ஆலும், அடுத்ததை 2ஆலும், அதற்கடுத்தவற்றை 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும் எண்களாலும் பெருக்கிக் கூட்டவேண்டும். அக்கூட்டுத்தொகையை 11ஆல் வகுத்தால் வரும் மீதியே பதினோராம் குறி. மீதி 10 எனில் அதனை 0 என எழுதுவர்.

சி, எஸ், கியூ, யூ என்னும் எழுத்துகளுடன் 305438 என்ற எண்ணைக் கொண்ட பெட்டகத்துக்குக் கூட்டுத்தொகை 6185; மீதி 3. எனவே, இறுதி இலக்கம் 3. எழுதுபவர் 4ஐயும் அடுத்துள்ள 3ஐயும் இடம் மாற்றி 305348 எனப் பதிந்துவிட்டார் என்க. இப்போது கூட்டுத்தொகை 6313, மீதி 10, இலக்கம் 0 ஆகவேண்டும். பெட்டகத்தில் 3 இருப்பதால் கணினி உடனே தடுத்துவிடும். ஓர் இலக்கத்தைச் சேர்க்கும் சிறுசெலவு, பெட்டகம் வேறு கப்பலில் ஏறும் பெரும்பிழையைத் தவிர்க்கிறது. எனினும், எல்லாப் பிழைகளையும் இவ்விலக்கம் பிடித்துவிடாது. இரண்டு பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டால் அவை தப்பிவிடும்.

இக்கருத்தை மேலும் வளர்த்தவர் அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்டு ஹேமிங். பிழை நேர்ந்ததும் கணினி தன் பணியை நிறுத்திவிடுவதைக் கண்டு சலிப்புற்ற அவர், பிழையைக் கண்டறியும் பொறி அது நேர்ந்த இடத்தையும் அறிந்து திருத்தக்கூடாதா எனச் சிந்தித்தார். 1950இல் வெளியான அவரது ஆய்வு அதற்கு வழிகாட்டியது. நான்கு தகவல் துணுக்குகளுடன் மூன்று சரிபார்ப்புத் துணுக்குகளை உரிய முறையில் சேர்த்தால், அவ்வேழில் ஒன்று பிழையானாலும் அதனைக் கண்டு திருத்த இயலும்.

ஒரு சிட்டிகை உப்பு

துறைமுகத்தை விட்டு நகர்ந்தால் வெண்ணிற உப்பளங்கள் விரிகின்றன. இங்கு விளையும் உப்பு, உணவுக்கு அனுப்பப்படும் முன் அயோடின் சேர்க்கப்பெறுகிறது. உடலில் அயோடின் குறைந்தால் முன்கழுத்துக் கழலை தோன்றும்; கருவுற்ற தாய்க்குக் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும்.

உப்பின் வழியே இதனைத் தடுக்கமுடியும் என்பதை வி. இராமலிங்கசுவாமியும் அவருடைய குழுவினரும் இமாசலப் பகுதியின் காங்ரா பள்ளத்தாக்கில் 1956இல் தொடங்கிய ஆய்வால் நிறுவினர். சில பகுதிகளுக்கு அயோடின் உப்பும் ஒரு பகுதிக்கு வெறும் உப்பும் வழங்கப்பட்டன. ஒப்பிட்டு நோக்க ஒரு பகுதி இல்லாதிருந்தால், கழலை குறைந்தது அயோடினாலா வேறு காரணத்தாலா என்று உறுதிசெய்திருக்க முடியாது. பயன் தெளிவானபின் அப்பகுதிக்கும் அயோடின் உப்பு கொடுக்கப்பட்டது.

மக்களிடம் சேரும் உப்பில் பத்து இலட்சத்துக்கு 15 பங்கு அயோடின் இருத்தல் வேண்டும். நாளொன்றுக்கு 10 கிராம் உப்பு எனக் கணக்கிட்டால், வளர்ந்தவருக்குத் தேவையான 150 மைக்ரோகிராம் இதில் கிடைத்துவிடும். ஆயினும், உற்பத்தி செய்யுமிடத்தில் 30 பங்கு இருக்கவேண்டும் என முன்னைய விதி கூறியது. ஏன் இரு மடங்கு? ஈரக்காற்றும் வெப்பமும் நீண்ட பயணமும் அயோடினைக் குறைத்துவிடும். அந்த இழப்பை முன்கூட்டியே எண்ணி வைத்த மிகை அது. செலவைக் குறைக்க எண்ணி ஒருவர் 15 பங்கை மட்டுமே சேர்த்தால், தூத்துக்குடியில் எடுத்த அளவீடு சரியாகவே இருக்கும்; தொலைதூர மலையூரில் ஒரு தாயின் சமையலறையில் அது பொய்யாகிவிடும்.

எவ்வளவு மிகை?

அவ்வாறாயின், மிகை எவ்வளவு கூடினும் நன்றா எனில், அன்று. அயோடின் அளவுமீறினும் உடலுக்குத் தீங்கு உண்டு. தகவலைவிடச் சரிபார்ப்புக் குறிகள் மிகுந்தால் செய்தி செல்லும் வேகம் குறையும். மாதிரிக்கென்றே பாரின் பாதியைத் திறந்துவிட்டால் முத்துக்குளிப்புக்கு எஞ்சுவது சிறிதே. எப்பிழை நேரக்கூடும், அது நேர்ந்தால் யார் துன்புறுவர், அதைத் தடுக்கக் குறைந்தது எவ்வளவு வேண்டும் ஆகிய மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே நம்பகத்தன்மை குறித்த ஆய்வுகளின் நோக்கமாகும்.

மருத்துவமனையில் இரவுப் பணிக்கு இருக்கும் மற்றொரு செவிலியரையும், மின்வெட்டு நேரத்துக்கென வைத்த மின்னாக்கியையும் செலவுக் கணக்கு மட்டும் பார்ப்பவர் மிகை என்று கூறக்கூடும். அவ்வேளையில் தோணியில் ஓய்வாக அமர்ந்திருந்த ஐவரை நினைவுகூர்தல் வேண்டும். கடலடியில் இருந்தவர் அடுத்த நாளும் கடலுக்குச் சென்றது அவர்களை நம்பியே.