விளம்பரத்துக்குப் பணம் கட்டும் முன் இந்தக் கணக்கைப் போடுங்க!

வேலைக்குப் போய்க்கிட்டே வீட்டுல ஆரி ஒர்க் பிளவுஸ் தைச்சுத் தர்றீங்க, வெப்சைட்டும் ரெடி. ஆனா யாரும் வரலையா?

முதல்ல இலவச வழிகள். கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல்ல பதிவு செஞ்சு, வெப்சைட் லிங்க்கைச் சேருங்க. வாட்ஸ்அப் பிசினஸ், பில், துணிப்பை எல்லாத்துலயும் அதே முகவரி இருக்கட்டும். வாடிக்கையாளர்கள்கிட்ட கூகுள் ரிவ்யூ கேளுங்க.

அப்புறம்தான் விளம்பரம். 1,000 ரூபாய் கூகுள் விளம்பரம், 18% ஜிஎஸ்டியோட 1,180 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு இல்லைன்னா அந்த 180 ரூபாய்க்கு இன்புட் கிரெடிட் கிடையாது. அதுவும் உங்க செலவுதான்.

2 ஆர்டர் வந்தா, ஆர்டருக்கு 590 ரூபாய் செலவு. ஒரு பிளவுஸ்ல லாபம் 500 ரூபாய்னா, ஒவ்வொண்ணுலயும் 90 ரூபாய் கைநஷ்டம். அதே ஆள் மறுபடி வந்தாதான் விளம்பரக் காசு தேறும். எத்தனை பேர் அப்படி வர்றாங்கன்னு ஒரு நோட்டுல குறிச்சிட்டு, அடுத்த 1,000 ரூபாயைப் போடுங்க.