குழாய் அடைப்பு எடுக்க மெஷின் வாங்கப் போகிறீர்களா?



சமையலறைத் தண்ணீர் இறங்காமல் நின்றால் வீடே நாறிப்போகும். கழிவுத் தண்ணீர் வாசலில் தேங்கினால் நுளம்பும் எலியும் பெருகும். அதில்தான் நம் பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கிறார்கள். “கரண்டு மெஷின் ஒண்ணு வாங்கிட்டா கரைச்சல் விட்டுச்சு” என்று பலர் நினைக்கிறார்கள். குழாய்க்குள் சுழன்று போய் அடைப்பை இழுக்கும் சுருள்கம்பிதான் அந்த மெஷின். நல்ல சாமான்தான். ஆனால் சம்பளக் காசை எடுத்துக் கொடுக்குமுன் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

1. மெஷின் தேவைதானா?

தொட்டியில் மட்டும் தண்ணீர் மெதுவாக இறங்கினால், அடியில் உள்ள வளைவுக் குழாயைக் கழற்றிக் கழுவுங்கள். சோறு, எண்ணெய்ப் பிசுக்கு, சாம்பல், தேயிலைச் சக்கை எல்லாம் அங்கேதான் தங்கும். இதற்குச் செலவே இல்லை.

தொட்டி, குளிக்கும் இடம், கக்கூஸ் எல்லாம் ஒரே நேரத்தில் பொங்கினால், கக்கூஸ் குழி நிரம்பியிருக்கலாம், அல்லது பெரிய குழாய் அடைத்திருக்கலாம். சின்ன மெஷினால் இது தீராது. தோட்ட நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

லயத்து முன்னால் ஓடும் திறந்த கானுக்கு மண்வெட்டியே போதும்.

2. எந்த வகை?

கையால் சுற்றுவது: விலை மிகக் குறைவு. ஒரு வீட்டுக்கு, எப்போதாவது வரும் அடைப்புக்கு இது போதும்.

ட்ரில்லில் பூட்டுவது: கம்பி ஒரு சின்ன உருளைக்குள் சுருண்டிருக்கும். வெளியே நீட்டும் தண்டை ட்ரில் மெஷினில் பூட்டினால் கம்பி சுழலும். தெரிந்த தச்சு பாஸிடம் ட்ரில் இருந்தால் உருளையை மட்டும் வாங்கினால் போதும். குறைந்த செலவில் மெஷின் பலம் வேண்டுமென்றால் இதுதான் ஏற்றது.

மோட்டாரோடு வருவது: விலையும் பாரமும் கூட. ஒரு வீட்டுக்கு இது தேவைப்படாது.

கடையில் “ட்ரெயின் கிளீனர்” என்று கேட்டால் அடைப்புக் கரைக்கும் மருந்தையும் எடுத்துத் தருவார்கள். “ட்ரெயின் ஸ்னேக்” என்று கேளுங்கள்.

3. எந்த அளவு?

தொட்டியிலிருந்து குழாய் வெளியே விழும் இடம்வரை ஒரு கயிற்றால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு 25 அடி போதும். ஒன்றரை முதல் 2 அங்குலக் குழாய்க்குக் கால் அங்குலக் கம்பி சரி. அதே கம்பியை 4 அங்குலக் குழாயில் விட்டால் உள்ளேயே மடிந்து முடிச்சு விழும். கக்கூஸ் கோப்பைக்குள்ளும் விடாதீர்கள். பீங்கான் கீறும், உடையவும் கூடும்.

4. கரண்டும் தண்ணீரும்

விலையைவிட முக்கியம் இதுதான். ஈரத் தரையில் கரண்டு ட்ரில்லைப் பிடிப்பது உயிருக்கு ஆபத்து. முடிந்தால் பெற்றரி ட்ரில்லையே பாவியுங்கள். கரண்டில் ஓடுவது என்றால் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்ய வேண்டும். ஒட்டுப்போட்ட வயர் வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் சில மெஷின்கள் 110 வோல்ட்டுக்குச் செய்தவை. நமது கரண்டு 230 வோல்ட். பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

5. பாவிக்கும்போது

ட்ரில்லை மெதுவான வேகத்தில் வையுங்கள். கம்பி இறுகினால் உடனே நிறுத்துங்கள். பலவந்தமாகச் சுழற்றினால் கம்பி முறுகிக் கையில் சுற்றிக்கொள்ளும். பின்பக்கமாகச் சுழற்றுவது சிக்கிய கம்பியை விடுவிக்க மட்டுமே. தோல் கையுறை போடுங்கள். துணிக் கையுறை, பழந்துணி, தொங்கும் சேலைத் தலைப்பு, அவிழ்ந்த கூந்தல் இவை கம்பியில் சிக்கும். அடைப்புக் கரைக்கும் மருந்து ஊற்றிய குழாயில் கம்பி விடவே கூடாது. மருந்து முகத்தில் தெறித்தால் கண் போய்விடும். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். காலில் கையில் புண் இருந்தால் கழிவுத் தண்ணீரில் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் அந்த வழியாகவும் தொற்றும்.

6. தனியாக வாங்க வேண்டுமா?

வருஷத்தில் ஓரிரு தடவை தேவைப்படும் சாமானுக்கு ஒவ்வொரு காம்பராவும் காசு போட வேண்டியதில்லை. பத்துக் குடும்பம் சேர்ந்தால் ஆளுக்குப் பத்தில் ஒரு பங்குதான். சீட்டுப் பிடிப்பதுபோல் கணக்கு எழுதி, சாமானைப் பொறுப்பான ஒருவரிடம் வையுங்கள். பாவித்தவர் கம்பியைக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசித் திருப்பிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் நம் மலைநாட்டு ஈரத்தில் துருப்பிடித்துவிடும்.

எல்லாவற்றிலும் மலிவான சாமான் ஒன்று உண்டு. அது தொட்டி வாயில் போடும் சின்ன வடிகட்டி. எண்ணெயையும் சாம்பலையும் தொட்டியில் கொட்டாமல், அந்த வடிகட்டியைத் தினமும் தட்டிக் கழுவினால் மெஷினுக்கு வேலை குறையும். உங்கள் காசும் மிஞ்சும்.