குழந்தைக்குக் காது கேட்கவில்லையா? யாரிடம், எப்போது போக வேண்டும்?

"கதவைச் சாத்தினா திரும்பிப் பாக்குறானே, அப்புறம் எப்படிக் காது கேக்காம இருக்கும்?" பல வீடுகளில் இப்படிச் சொல்லியே முதல் வருடம் போய்விடுகிறது. கதவு அதிர்வது குழந்தையின் உடம்புக்கே தெரியும். பலத்த சத்தம் மட்டும் கேட்கும் குழந்தையும் திரும்பிப் பார்க்கும். பேச்சு மட்டும் காதில் விழாது.

பிறந்த 1 மாதத்துக்குள் முதல் டெஸ்ட், 3 மாதத்துக்குள் குறைபாட்டை உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவது. உலகம் முழுக்க மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு இதுதான்.

முதல் டெஸ்டின் பெயர் ஓ.ஏ.இ. காதில் சிறு கருவியை வைத்து ஒலி அனுப்பி, உள்காதிலிருந்து பதில் ஒலி வருகிறதா என்று பார்ப்பார்கள். சில நிமிட வேலை. இதில் 'ஃபெயில்' என்று வந்தாலே காது கேட்காது என்று அர்த்தமில்லை. காதுக்குள் அழுக்கு இருந்தாலும் அப்படி வரும். ஆனால், மறுபடி டெஸ்ட் எடுக்காமல் விடக்கூடாது. அடுத்தது 'பெரா'. குழந்தை தூங்கும்போது, ஒலி நரம்பு வழியாக மூளைத்தண்டு வரை போகிறதா என்று இது காட்டும். குறைமாதக் குழந்தை, கடுமையான மஞ்சள் காமாலை வந்த குழந்தை என்றால் முதலிலேயே 'பெரா' எடுப்பது நல்லது. உள்காது சரியாக இருந்து நரம்பில் கோளாறு இருந்தால் ஓ.ஏ.இ. அதைப் பிடிக்காது.

யார் என்ன செய்வார்கள்?

காரணத்தைத் தேடுபவர் இ.என்.டி. டாக்டர். நடுக்காதில் நீர் கோத்திருந்தால் மருந்தோ சின்ன ஆபரேஷனோ போதும். மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு கேட்காமல் போனால் தாமதிக்கக் கூடாது. உள்காது எலும்பாக இறுகிவிட்டால் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்துவதே கஷ்டம். கண் டாக்டரிடமும் அனுப்புவார்கள், ஈ.சி.ஜி.யும் எடுக்கச் சொல்வார்கள். சில பரம்பரைக் குறைபாடுகள் காதோடு பார்வையையோ இதயத் துடிப்பையோ பாதிக்கும் என்பதால்தான் இது.

ஆனால், பெற்றோர் அதிகமாகப் பார்க்கப்போவது ஆடியாலஜிஸ்டைத்தான். எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று அளந்து, ஹியரிங் எய்டை அதற்கேற்ப அமைப்பவர் அவர். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று தயங்காமல் கேளுங்கள். கடையில் மிஷினை மட்டும் விற்கிறவர் ஆடியாலஜிஸ்ட் ஆகிவிட மாட்டார். குழந்தை வளர வளர காது அச்சு லூசாகி 'கீ' என்று விசிலடிக்கும். "புள்ளைக்குப் பிடிக்கல" என்று எடுத்து பீரோவில் வைத்துவிடுகிறார்கள். அச்சை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இம்ப்ளான்ட் வைத்த அன்றே குழந்தைக்குக் கேட்காது. சில வாரம் கழித்துத்தான் 'ஸ்விட்ச் ஆன்'. பிறகு ஸ்பீச் தெரபிஸ்டிடம் வருடக்கணக்கில் பயிற்சி. கூடவே இந்திய சைகை மொழியும் கற்றுக்கொடுக்கலாம். அதனால் பேச்சு வராமல் போய்விடாது.

செலவுக்கு என்ன வழி?

2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் திட்டத்தில் பிறப்பு முதல் 18 வயது வரை இலவசப் பரிசோதனை உண்டு. குறை தெரிந்தால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். ஏழைக் குடும்பத்துக் குழந்தைகளுக்கு மத்திய அரசின் 'அடிப்' திட்டத்தில் இம்ப்ளான்ட் கிடைக்கும். மும்பையிலுள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இதைக் கவனிக்கிறது. இதில் வயது வரம்பு இருப்பதால் விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள். ஆபரேஷன் இலவசமாக நடந்தாலும், வாரண்டி முடிந்தபின் பேட்டரி, ஒயர், பிராசஸர் செலவு யாருடையது என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.