உங்களுக்குத் தெரியுமா? பாலில் தண்ணீரைக் காட்டிக்கொடுக்கும் அலை

பால்மரம் வெட்டியவர்களுக்குத் தெரியும்: வாளியில் எவ்வளவு பால் என்பது கணக்கல்ல, அதில் எவ்வளவு ரப்பர் என்பதுதான் கணக்கு. கிராணி மிதவை மானியைப் பாலில் விட்டுப் பார்த்து எழுதும் எண்ணில்தான் சம்பளம் நிற்கும். ஒழுங்காகச் சோதிப்பதென்றால் பாலை உறையவைத்து, அழுத்தி, சூட்டில் காயவைத்து நிறுக்க வேண்டும். விடை தெரிய மறுநாள் ஆகிவிடும். செர்டாங்கில் அன்றைய மலேசிய விவசாயப் பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் கைடா காலிட் இதற்கு மைக்ரோவேவை, அதாவது நுண்ணலையைப் பிடித்தார். 1982இல் ‘பெர்த்தானிக்கா’ ஆய்விதழில் எழுதினார். ரப்பர் பாலில் பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் நுண்ணலையை விழுங்கும், ரப்பர் அவ்வளவாகத் தொடாது. பாலைக் கடந்த அலை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று பார்த்தால் தண்ணீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்பது உடனே தெரிந்துவிடும். இதிலிருந்து பிறந்த கருவிக்கு ‘லேட்டெக்ஸோமீட்டர்’ என்று பெயர். லயத்துக்காரர்களுக்கும் கிராணிக்கும் நடந்த வாய்ச்சண்டையில் பாதியை அது தீர்த்திருக்கும். என்ன செய்வது, அதற்குள் பல தோட்டங்களில் செம்பனை ஏறிவிட்டது!

ஃப்ரீசரிலிருந்து எடுத்த கறிக்குழம்பை மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் கொதிக்கும், நடு கல்லாகவே கிடக்கும். பனிக்கட்டி இந்த அலையை அதிகம் உறிஞ்சாது, உருகிய தண்ணீர்தான் உறிஞ்சும். முதலில் உருகிய இடமே மேலும் மேலும் சூடாகிறது. ‘டிஃப்ராஸ்ட்’ பொத்தான் விட்டுவிட்டுச் சூடாக்குவது, இடைவேளையில் சூடு உள்ளே பரவட்டும் என்றுதான்.

மழை கொட்டினால் ஆஸ்ட்ரோ போய்விடுகிறதே, அதற்கும் தண்ணீர்தான் காரணம். சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோளிலிருந்து வரும் நுண்ணலையின் நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர்தான். கனத்த மழைத்துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுகின்றன. சீரியலில் கொலையாளி யார் என்று சொல்லும் நேரம் பார்த்து மழை வருவதற்கு மட்டும் அறிவியலில் விளக்கம் இல்லை.

லகாட்டிலிருந்து மெங்லெம்பு பக்கம் பார்த்தால் கிளேடாங் மலை உச்சியில் தொலைத்தொடர்புக் கோபுரங்கள் தெரியும். நுண்ணலை நேர்கோட்டில்தான் போகும். நடுவே கிந்தாவின் சுண்ணாம்புக் குன்று ஒன்று நின்றால் தீர்ந்தது. அதனால்தான் கோபுரத்தை மலையேற்றினார்கள்.

இனி அகச்சிவப்புக்கு வருவோம். கோவிட் காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டிய வெப்பமானித் ‘துப்பாக்கி’ நம் மீது எந்தக் கதிரையும் பாய்ச்சி வெப்பம் அளக்கவில்லை. நம் தோல் தானாக வெளியிடும் அகச்சிவப்புக் கதிரை வாங்கிக்கொண்டது, அவ்வளவே. மூளை கெட்டுவிடும் என்று வாட்சாப்பில் சுற்றியது வெறும் புரளி.

ஈப்போ செலாத்தான் டோலில் ஸ்மார்ட் டேக் கருவியை உயர்த்திப் பிடித்த நினைவு இருக்கிறதா? அது பேசியது அகச்சிவப்பில். நேருக்கு நேர் தெரிந்தால்தான் தடுப்புக்கட்டை எழும்பும். 2018இல் அதன் விற்பனையை நிறுத்தினார்கள். இப்போது கண்ணாடியில் ஒட்டும் ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கருக்கு பேட்டரியே வேண்டாம். டோலிலிருந்து வரும் ரேடியோ அலையே அதற்குச் சக்தி. உலோகம் கலந்த டின்ட் ஒட்டிய காரில் மட்டும் அது தடுமாறும்.

டிவி ரிமோட் வேலை செய்யவில்லையா? கைப்பேசி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்குக் காட்டி, பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, திரையில் வெளிறிய ஊதாவாக மின்னும். சில கைப்பேசிகளின் பின்கேமரா அதை வடிகட்டிவிடும். செல்ஃபி கேமராவில் பாருங்கள். மின்னினால் ரிமோட் நல்லது, கோளாறு டிவியில் இருக்கலாம். மின்னாவிட்டால் முதலில் பேட்டரியை மாற்றிப் பாருங்கள்.