பருப்பு இருந்தா ஆள் இல்லை, ஆள் இருந்தா பருப்பு இல்லை!

தமிழில் மிகச் சிறிய சிறுகதை எது தெரியுமா? மொத்தமே இரண்டு வார்த்தை. எழுதியவர் பெயர் இருக்காது. சாக்பீஸில், கொஞ்சம் கோணலாக, ரேஷன் கடைக் கதவில் எழுதியிருக்கும்: 'பருப்பு இல்லை.'

இதற்கு இரண்டாம் பாகமும் உண்டு: 'பாமாயில் இல்லை.' மூன்றாம் பாகம்தான் உச்சகட்டம். அதில் ஒரு வார்த்தைகூட இருக்காது. பூட்டு மட்டும் தொங்கும்!

ரேஷன் கடைக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். சரக்கு வந்த அன்னிக்கு ஆள் இருக்க மாட்டார். ஆள் வந்த அன்னிக்கு சரக்கு இருக்காது. இரண்டும் அதிசயமாக ஒரே நாளில் வந்துவிட்டால், அன்னிக்குப் பார்த்து மெஷின் 'சர்வர் வரலை' என்று கையை விரித்துவிடும்.

"அதெல்லாம் அம்மா டிபார்ட்மென்ட், ஸார். எனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள். இந்த விஷயத்தில் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

30 ரூபாய்ப் பருப்பின் விலை என்ன?

தப்பான கேள்வி இல்லை. ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 2007-ல் ஆரம்பித்த சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் கிடைக்கிற சரக்கு இது. வெளிக்கடையில் 2024-ல் துவரம்பருப்பு கிலோ 150 ரூபாயைத் தாண்டிப் போனது. ஒரு கிலோவிலேயே 100 ரூபாய்க்கு மேல் மிச்சம். மாதக் கடைசியில் 100 ரூபாய் என்ன பேசும் என்று சம்பளம் வாங்குகிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பருப்புக்கு பில்லில் வராத ஒரு விலையும் உண்டு. அதற்குப் பெயர் 'ரெண்டாவது நடை'.

"பருப்பு இன்னும் வரலைம்மா, அரிசியை மட்டும் வாங்கிட்டுப் போங்க. மிச்சத்துக்கு அடுத்த வாரம் வாங்க." இதைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறவர் உறையூரிலோ ஸ்ரீரங்கத்திலோ இருந்தால் பரவாயில்லை. கடை இரண்டு தெரு தள்ளி இருக்கும். நாளைக்குக் காய்கறி வாங்கப் போகும்போது எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். அதே வார்த்தையை ஒரு மலைக்கிராமத்தில் சொன்னால் அர்த்தமே வேறு.

பச்சைமலையில் ஒரு பகல்

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் பிடித்து, அங்கிருந்து உப்பிலியபுரம், சோபனபுரம் என்று போனால் மலைப்பாதை ஆரம்பம். வளைந்து வளைந்து ஏறினால் டாப் செங்காட்டுப்பட்டி. லீவு நாளில் நம் பையன்கள் நாலு பைக்கில் எட்டுப் பேராக மங்களம் அருவி பார்க்கப் போகிற அதே ரோடுதான். நாம் செல்ஃபி எடுக்கிற வளைவில் ஒருவர் வெறும் சாக்குப் பையோடு நடந்து போனால் கவனித்திருக்க மாட்டோம்.

திருச்சி, பெரம்பலூர், சேலம் என மூன்று மாவட்டத்தில் படர்ந்து கிடக்கிற மலை இது. வண்ணாடு, கோம்பைநாடு, தென்பரநாடு, ஆத்திநாடு என்று மலைக்குள்ளேயே நாடுகள் உண்டு. மலையாளி என்ற பழங்குடியினர் வாழ்கிறார்கள். (பெயரைப் பார்த்து 'சேட்டா சுகமா?' என்று கேட்டுவிடாதீர்கள். மலையை ஆள்கிறவர்கள், அதனால் மலையாளி.)

ஒரு காலத்தில் சாமை, தினை என்று வயிற்றுக்கு வேண்டியதை நிலமே கொடுத்த மலை. கடை திறந்தால் என்ன, பூட்டினால் என்ன என்று இருக்க முடிந்தது. பிறகு காசு தருகிற மரவள்ளிக்கிழங்கு பரவியது. முந்திரியும் உண்டு. இன்னொரு பக்கம் ரேஷன் அரிசி 2006-ல் கிலோ 2 ரூபாய், 2008-ல் 1 ரூபாய், 2011 ஜூனில் இலவசம் என்று இறங்கி வந்தது. சாமையைக் குத்திப் புடைத்துச் சோறாக்குவதைவிட இது சுலபம். நியாயம்தானே? ஆனால் குதிர் போய் கார்டு வந்த பிறகு, கடைக்கதவின் பூட்டு நேராக அடுப்பைப் பூட்டுகிறது.

மலையில் ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் ஒரு கடை என்பது நடக்காத காரியம். சில ஊருக்கு ஒரு கடை. அதுவும் பகுதி நேரக் கடை என்றால், வாரத்தில் குறிப்பிட்ட நாள்தான் திறக்கும். அந்த ஒரு நாளுக்காகக் கூலி வேலைக்குப் போகாமல் இருக்க வேண்டும். போனால் பருப்பு இல்லை. மறுபடி கடை திறக்கிற நாளில் இன்னொரு கூலி போச்சு. இப்போது சொல்லுங்கள், 30 ரூபாய்ப் பருப்பின் விலை என்ன?

இதற்கு நடுவில் சிக்னல் என்று ஒரு சாமி. 2020-லிருந்து கைரேகை வைத்தால்தான் பில். கருவிக்கு சிக்னல் கிடைத்தால்தான் ரேகை போய்ச் சேரும். சமவெளியிலேயே சில நாள் சுற்றிக்கொண்டே நிற்கிற அந்த வட்டம், மலையில் என்ன பாடுபடுத்தும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். காட்டிலும் கழனியிலும் உழைத்து ரேகை தேய்ந்த விரல்களை மெஷின் வேறு, 'நீங்க யாருன்னே தெரியலையே' என்று திருப்பி அனுப்பும்.

பருப்பு எங்கிருந்து வர வேண்டும்?

ஒன்றைக் கவனித்தீர்களா? 'அரிசி இல்லை' என்ற போர்டு அபூர்வம். தகராறெல்லாம் பருப்பும் பாமாயிலும்தான். ஏன்?

அரிசிக்கு அஸ்திவாரம் பக்கத்திலேயே இருக்கிறது. காவிரி டெல்டாவில் கொள்முதல் நிலையம் வைத்து நெல் வாங்குகிறார்கள். மத்தியத் தொகுப்பிலிருந்தும் வருகிறது. பருப்பும் எண்ணெயும் அப்படியில்லை. 1972-ல் தொடங்கிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் டெண்டர் விட்டு வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் ரேஷன் கார்டுகள் 2 கோடிக்கு மேல். ஒரு கார்டுக்கு ஒரு கிலோ என்றால் மாதம் சுமார் 20 ஆயிரம் டன் பருப்பு! தெருமுனை அண்ணாச்சி, காந்தி மார்க்கெட்டுக்கு டெம்போ அனுப்பி வாங்குகிற சரக்கா இது?

நம் தேசத்தில் விளைகிற துவரை நமக்கே போதாது. மியான்மர், மொஸாம்பிக், தான்சானியா, மலாவி என்று கப்பலில் வருகிறது. பாமாயிலுக்கு இந்தோனேசியாவும் மலேசியாவும். 2022 ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியையே சில வாரம் நிறுத்தி வைத்தது. உலகச் சந்தையே ஆடிப்போனது. நம் வீட்டு அப்பளம் பொரிவதற்கு ஜகார்த்தாவின் தயவு தேவைப்படுகிறது, ஸார்!

இது புதுக்கதையும் இல்லை. 1942-ல் பர்மா ஜப்பான் கையில் விழுந்தது. அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. நம் தாத்தா பாட்டிகள் 'ரேஷன்' என்ற வார்த்தையைக் கற்றுக்கொண்ட காலம் அது. 1952-ல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். அறுபதுகளில் மறுபடி அரிசிப் பஞ்சம் வந்தது. 1967 தேர்தல் மேடையில் 'ரூபாய்க்கு மூன்று படி' முழங்கியது. அரிசி இங்கே ஆட்சியையே புரட்டியிருக்கிறது. அதனால்தான் எந்தக் கட்சி வந்தாலும் ரேஷன் கடை மேல் ஒரு கண் இருக்கும்.

அப்படிக் கண் வைத்தும் தடுக்கி விழுந்த வருடம் 2024. நாடாளுமன்றத் தேர்தலுக்காக மார்ச் 16-ல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்தன. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ல் ஓட்டுப் போட்டாயிற்று. ஆனால் விதிகள் ஜூன் வரை நீடித்தன. அதனால் டெண்டர் முடிப்பதில் தாமதம் என்றது அரசு. மே மாதப் பருப்பையும் பாமாயிலையும் ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவிப்பு வந்தது. பிறகு ஜூன் மாதத்துக்கானதை ஜூலையில் வாங்கலாம் என்றார்கள். போன மாதச் சாம்பாரை இந்த மாதம் எப்படி வைப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

கிண்டல் இருக்கட்டும். அந்த அறிவிப்பு முக்கியமானது. சாதாரணமாக மாதம் முடிந்தால் அந்த மாதத்து உரிமையும் முடிந்தது. கடையில் சரக்கு இல்லாதது கார்டுக்காரர் குற்றமா? ஆனாலும் நஷ்டம் அவருக்குத்தான். 2024-ல் ஊரே சத்தம் போட்டதால் பாக்கி கிடைத்தது. ஏதோ ஒரு மலைக்கடையில் மட்டும் லாரி வராமல் போனால், அந்தச் சத்தம் யார் காதில் விழும்?

கவுன்டருக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன்

கியூவில் நிற்கும்போது நமக்கு ஒரே வில்லன்தான். கவுன்டரில் இருப்பவர். அவர் பக்கத்தையும் கொஞ்சம் பார்ப்போமா?

கணக்குப்படி ஒரு கடையில் பில் போட விற்பனையாளர், எடை போடக் கட்டுநர் என்று இரண்டு பேர் இருக்க வேண்டும். நிறையக் கடைகளில் அவரே ஆல் இன் ஆல். கார்டை ஸ்கேன் பண்ணுவார், விரலைப் பிடித்து அழுத்துவார், எழுந்து போய் மூட்டையைப் பிரிப்பார், அரிசி அளப்பார், திரும்பி வந்து சில்லறை தேடுவார். நடுவில், "ஏங்க, சீக்கிரம் விடுங்க, பஸ் போயிடும்" என்று பத்துக் குரல்.

அது மட்டுமா? ஒரே ஆள் இரண்டு கடை, மூன்று கடை பார்ப்பதும் உண்டு. இங்கே ஷட்டரைத் திறந்தால் அங்கே பூட்டு. பூட்டு தொங்குவதற்குப் பாதி நாள் காரணம் சோம்பல் இல்லை. சாவிக்காரர் இன்னொரு கடையில் வியர்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆள் எடுக்கவில்லையா? எடுத்தார்கள். 2022-ல் 6,000-க்கு மேற்பட்ட இடங்களுக்கும், 2024-ல் 3,000-க்கு மேற்பட்ட இடங்களுக்கும் கூட்டுறவுத்துறை விண்ணப்பம் கேட்டது. விற்பனையாளருக்கு பிளஸ் டூ, கட்டுநருக்குப் பத்தாவது. முதல் வருடம் தொகுப்பூதியம் 6,250 ரூபாயும் 5,500 ரூபாயும். 2022-ல் இதற்குப் பட்டதாரிகளும் என்ஜினீயர்களும் வரிசை கட்டினார்கள். வேலை கிடைக்காத என்ஜினீயர் ஒரு பக்கம், ஆள் கிடைக்காத கடை ஒரு பக்கம். நடுவில் காலியாக நிற்கிறது தராசு!

இன்னொன்றையும் ஊழியர் சங்கங்கள் வருடக்கணக்காகச் சொல்லி வருகின்றன. கிடங்கிலிருந்து வருகிற மூட்டையிலேயே எடை குறைகிறதாம். ஆய்வில் இருப்பு குறைந்தால் அபராதம் விற்பனையாளர் தலையில். பொட்டலமாகவே கொடுங்கள் என்பது அவர்கள் கோரிக்கை.

அதற்காக எல்லாரும் உத்தமர் என்று சர்டிபிகேட் கொடுக்கவில்லை. ரேஷன் அரிசி கடத்தலைப் பிடிக்கத் தனிப் போலீஸ் பிரிவே இருக்கிறது. வாங்காத பருப்புக்கு பில் போட்டுவிடுகிற கைவரிசையும் உண்டு. ஆனால் தப்புச் செய்கிறவரைப் பிடிப்பதற்கும், தனியாளாக அல்லாடுகிறவரைத் திட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

தாயுமானவர் வந்தார்

மலைக்கோட்டைக் கதை திருச்சிக்காரர்களுக்குத் தெரியும். மகளுக்குப் பிரசவ நேரம். காவிரியில் வெள்ளம். அக்கரையில் தாய் மாட்டிக்கொள்ள, சிவனே தாயாக வந்து பிரசவம் பார்த்தார். அதனால் தாயுமானவர்.

அந்தப் பெயரில் 2025 ஆகஸ்ட் 12-ல் ஒரு திட்டம் ஆரம்பமானது. ஆரம்பித்தபோது, 70 வயதைத் தாண்டிய முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள் வீட்டு வாசலுக்கே என்றார்கள். 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அறிவித்தார்கள். எடை மெஷினும் பில் மெஷினும் வண்டியிலேயே போகும். நல்ல யோசனை. 'ரெண்டாவது நடை' மட்டுமில்லை, முதல் நடையே மிச்சம்.

ஆனால் வண்டியில் போவது யார்? அதே விற்பனையாளர். சாமிக்கு ஒரே நேரத்தில் மலைமேலும் மகள் வீட்டிலும் இருக்க முடியும். 6,250 ரூபாய்க்கு வேலைக்குச் சேர்ந்த மனுஷனுக்கு முடியுமா? சரக்கு, ஆள், இரண்டும் சேர்ந்தால்தான் கடை. ஒன்றைச் சரிசெய்து மற்றதை விட்டால், கஷ்டம் கவுன்டரைத் தாண்டி நம் பக்கம் வந்து நிற்கும்.

உங்கள் வேலை இதுதான்

சொல்கிறேன் என்றேனே! 2017-ல் ஸ்மார்ட் கார்டு வந்தபோது ஒரு போன் நம்பர் கேட்டார்கள். பல வீட்டில் கொடுத்தது மகனின் நம்பரை. கடை துறையூரில், கார்டு அம்மா கையில், எஸ்.எம்.எஸ். மட்டும் சென்னையில் உங்கள் பாக்கெட்டில்! நீங்களோ அதை லோன் விளம்பரங்களோடு சேர்த்து அழிக்கிறீர்கள்.

அழிக்காதீர்கள். என்னென்ன வாங்கியதாக பில் ஆகியிருக்கிறது என்று அதில் இருக்கும். வாங்காத பொருள் இருந்தால் 1967-க்குப் போன் செய்யலாம், காசு கிடையாது. எந்தக் கடையில் என்ன இருப்பு என்று உணவு வழங்கல் துறையின் இணையதளத்தில் பார்த்துவிட்டு, "இன்னிக்குப் போக வேணாம்மா, பருப்பு வரலை" என்று சொன்னால் ஒரு நடை மிச்சம். நடக்க முடியாதவருக்குப் பதில் வேறொருவர் வாங்க அங்கீகாரப் படிவம் இருக்கிறது. எழுதிக் கொடுக்க உங்களைவிட்டால் யார்?

எல்லாவற்றையும்விட எளிது ஒன்று உண்டு. எஸ்.எம்.எஸ். வந்ததும் ஊருக்கு ஒரு போன்: "ஏம்மா, இந்த மாசம் பருப்பு வாங்கிட்டியா?"

பருப்பு வந்ததோ இல்லையோ, 'பரவாயில்லையே, பையன் காசு கேக்காம போன் பண்றானே' என்று அம்மா சந்தோஷப்படுவார்.